மைன் டம்ப் ஓரத்து மண்ணில் புல் பிடிக்க வைப்பது எப்படி

ஜோகன்னஸ்பர்க்குக் கிழக்கே பெனோனி, ஜெர்மிஸ்டன், போக்ஸ்பர்க் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆகஸ்ட் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மைன் டம்ப், அதாவது தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேட்டுப் பக்கத்துத் தூசி மேசைமேல் படிந்துவிடும். அதை அடக்கப் புல்தான் வழி. ஆனால் கடைசியில் வாங்க வேண்டிய விதையைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள்.

முதலில் மேடு யாருடையது, அதைக் கரைத்து மறுபடி தங்கம் எடுக்கப் போகிறார்களா என்று விசாரியுங்கள். 1886-இல் தங்கம் கிடைத்த பிறகு வந்த பழைய ஆலைகளால் மண்ணிலிருந்த தங்கத்தை முழுதாகப் பிரிக்க முடியவில்லை, அதனால்தான் இன்றும் பழைய மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துக் குழாய் வழியாக ஆலைக்கு அனுப்புகிறார்கள். அப்படிப் போகப்போகும் மேட்டின் அடியில் நட்டால் உழைப்பு வீண்.

மேட்டின்மேல் ஏறாதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே சேறாக இருக்கும். 1994 பிப்ரவரியில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து மெரிஸ்ப்ரைட்டில் மழைக்குப் பிறகு சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 17 பேர் இறந்தார்கள். மேட்டைச் சீர்செய்வது உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பொறுப்பு, 2002-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி, சுரங்கத்தை முறையாக மூடியதற்கான சான்றிதழ் கிடைக்கும்வரை அவர்கள் கைகழுவ முடியாது. நாம் பார்க்க வேண்டியது கீழே இருக்கும் மண்: கோயில் பின்புறம், பள்ளி வேலியோரம், காலி மனை. அதற்கும் உரியவர்களிடம் அனுமதி வாங்குங்கள்.

சரி, அங்கே ஏன் எதுவும் முளைப்பதில்லை? தங்கப் பாறையோடு வந்த பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறிக்கொண்டே இருக்கிறது. மேல்மண்ணில் ஒன்று, ஒரு மண்வெட்டி ஆழத்தில் ஒன்று என்று மாதிரி எடுங்கள், ஏனென்றால் மழை மேலே இருக்கும் அமிலத்தைக் கழுவிவிடும், அடியில் அப்படியே இருக்கும். மண்ணையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவு கலக்கி, அரைமணி நேரம் விட்டு, அமிலத்தை அளக்கும் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நீச்சல்குளக் கடையில் கிடைக்கும் தாள் உதவாது, ஆறுக்குக் கீழே அது ஒன்றும் காட்டாது. 1 முதல் 14 வரை காட்டும் தாளாக வாங்குங்கள். மூன்று, நான்கு என்று வந்தால் விதையை மறந்துவிட்டு மாதிரியை மண் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இன்றைய பிஹெச் மட்டும் போதாது, இனி எவ்வளவு அமிலம் உண்டாகும் என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்பது அதைப் பொறுத்தது.

விவசாயச் சுண்ணாம்புத் தூள்தான் வேண்டும், கட்டடச் சுண்ணாம்பு கையையும் கண்ணையும் அரித்துவிடும். மேலே தூவிவிட்டுப் போகாமல் வேர் இறங்கும் ஆழம்வரை கிளறிக் கலக்குங்கள். கிளறுவதற்கு முன் மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. இந்த வேலையைப் புரட்டாசி விரதம் தொடங்குவதற்குள் முடித்துவிட்டால் தீபாவளி மழைக்கு விதைக்க நிலம் தயாராக இருக்கும்.

அதுவரை காற்றுக்குக் குறுக்கே நாணல் தட்டியோ நிழல்வலையோ வரிசையாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பறக்கும் மணல் இளந்தளிரை அறுத்துவிடும். விதையில் அருகம்புல் கட்டாயம் இருக்கட்டும், பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான், இந்த மண்ணில் அது பிழைத்துக்கொள்ளும். அதோடு எரக்ரோஸ்டிஸ் என்ற புல்லின் விதையையும் கலந்துகொள்ளுங்கள். புல்தரைக்குப் போடும் கிகுயு பார்க்க அழகுதான், ஆனால் உரமும் தண்ணீரும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கீரை, மிளகாய், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். ஆட்டுக்கும் அந்தப் புல்லை அறுத்துப் போடாதீர்கள். இந்தக் கழிவில் யுரேனியமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும். மேட்டை அகற்றிய வெற்றிடத்துக்கும் இதே எச்சரிக்கைதான், அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்காமல் அங்கே எதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்த குளிர்காலத்தில் சில இடங்கள் மட்டும் வெளுத்து உப்புப் பூத்து மொட்டையாகத் தெரியும். அங்கே விதை தூவாமல் பிஹெச் பாருங்கள், பெரும்பாலும் அமிலம் திரும்பியிருக்கும், மறுபடி சுண்ணாம்புதான். இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் தூசி வந்தால் அது பெரும்பாலும் மேட்டிலிருந்து வருகிறது. குடியிருப்புப் பகுதியில் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 600 மில்லிகிராம் தூசி படியலாம் என்பது 2013 தூசிக் கட்டுப்பாட்டு விதிகளின் வரம்பு. படியும் தூசியை அளக்க நிறுவனம் வைத்திருக்கும் வாளிகளின் மாத அளவீட்டை எழுத்தில் கேளுங்கள்.