பெடல் உள்ளே போகிறதென்றால் ஸ்டீல் ஹோஸ் மட்டும் போதாது: பிரேக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, அதனால் ஸ்டீல் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும், ஸ்டீல் பின்னிய குழாய்) போட வேண்டும் என்று பட்டறைக்கு வருபவர்கள் கோலாலம்பூரில் நிறைய. சத்ரியா ஜிடிஐ, சிவிக் டைப் ஆர், இவோ என்று கார்தான் மாறும், கேள்வி ஒன்றுதான். ஸ்டீல் ஹோஸ் நல்ல பொருள். ஆனால் அந்தக் கோளாறுக்கு முதல் மருந்து அது இல்லை.

முதலில் எது கைவிட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் நிற்க மறுத்தால் சூடு தாங்காதது பிரேக் பேட். பெடலே தரையை நோக்கிப் போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். சக்கரத்தில் பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். இறங்கும் வழியிலுள்ள கோத்தோங் ஜெயாவில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஆறிவிடும், பெடலும் பழையபடி ஆகிவிடும். அதை நம்பி அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பதுதான் பெரிய ஆபத்து.

நாம் போடும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 தரப் பிரேக் ஆயில் எல்லாமே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் வகை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டப்பா மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். நம் ஊர் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155. டாட் 5.1க்கு 260, 180. புட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் முதல் எண்தான். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி தாங்கும் என்பதைப் பார்த்து வாங்கி, மூன்று வருடம் மாற்றாமல் விடுவதில் என்ன பயன்? செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் அந்த ஆயிலை அடிக்கடி மாற்றுகிறார்கள். தினசரி ஓடும் காருக்கு, தண்ணீர் சேர்ந்த பிறகு தாங்கும் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள், இரண்டு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். திறந்து பல மாதம் ஆன பாதி புட்டியை ஊற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஈரம் குடித்தது.

இன்னொரு குழப்பம் டாட் 5. எண்ணைப் பார்த்து 5.1க்குத் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது, ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஆகாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீரிங் ஆயிலோ தவறி விழுந்துவிட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப் முதல் கேலிப்பர் வரை எல்லாச் சீலையும் மாற்ற நேரும்.

சரி, ஹோஸுக்கு வருவோம். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும், டெஃப்லான் குழாய்மேல் ஸ்டீல் பின்னிய ஹோஸ் அவ்வளவு உப்பாது. அதனால் பெடல் கெட்டியாகும், காலுக்கு நல்ல உணர்வு கிடைக்கும். அவ்வளவுதான், ஆயிலின் கொதிநிலையை அது ஒரு டிகிரிகூட ஏற்றாது.

மாட்டும்போது முதலில் கெடுவது, ஹோஸோடு சேரும் இரும்புக் குழாயின் நட்டு. பத்து வருடம் மழையில் ஊறிய நட்டைச் சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் திருப்பினால் முனை மழுங்கிவிடும். பிறகு வைஸ் கிரிப்பைப் பிடிப்பார்கள், குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஹோஸ் மாற்ற வந்தவர் இரும்புக் குழாய்க்கும் பணம் கட்டிவிட்டுப் போவார். முதல் நாள் இரவே துரு நீக்கி அடித்து ஊற விட்டு, நட்டின் ஐந்து பக்கத்தையும் பிடிக்கிற ஃப்ளேர் நட் ஸ்பேனரை எடுங்கள்.

கேலிப்பர் பக்கம், ஹோஸைப் பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்கு இருபுறமும் செம்பு வாஷர் வரும். பழையதையே போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது. கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் போல்ட் முறிந்துவிடும். சர்வீஸ் புத்தகத்திலுள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுதான் கணக்கு. கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒருமுறை, கார் தரையில் நிற்கும்போது ஒருமுறை, ஸ்டீரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா எனக் கவனியுங்கள். மேல் உறை இல்லாத ஸ்டீல் பின்னல் பக்கத்து வயரை அரம் போல அறுத்துவிடும்.

ஹாஃப் கட் (வெட்டி வந்த பழைய கார் பாகம் விற்கும்) கடையில் பிரெம்போ கேலிப்பர் வாங்கி மாட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இடது வலது மாறி மாட்டினால் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே தேங்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வெளியே வராது. சில பெரிய கேலிப்பரில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் நிப்பிள் இருக்கும். இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும்.

காற்று எடுக்கும்போது ஆயில் டப்பாவை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஆயில் காலியாகிக் காற்று ஏபிஎஸ் பம்புக்குள் போய்விட்டால், பல கார்களில் ஸ்கேனர் போட்டு அந்தப் பம்பை ஓட விட்டால்தான் வெளியேறும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதும் காருக்குக் கார் மாறும், "எப்போதும் பின் இடதுதான்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிப்பதும் வேண்டாம். மாஸ்டர் பம்ப்புக்குள் வழக்கமாகப் போகாத, துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

முடிந்ததும் பெடலை நன்றாக மிதித்து அப்படியே பிடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓட விடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் காரை நகர்த்தாதீர்கள். இறங்காமல் நின்றால், ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் துடைத்து ஈரம் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொருமுறை சக்கரத்தைக் கழற்றி அதே இணைப்புகளைப் பாருங்கள். மலை ஏறுவதெல்லாம் அதற்கு அப்புறம்.