நாவலாசிரியையிடம் அவருக்குப் பிடித்த புத்தகங்கள் பற்றிப் பேட்டி எடுப்பது எப்படி?

“உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள் எவை?” என்று கேட்டால் பெயர்ப்பட்டியல்தான் வரும். எல்லாருக்கும் தெரிந்த நாலு பெரிய பெயர்கள், மரியாதைக்கு நண்பர் ஒருவரின் நூல், அவ்வளவுதான். ஒரு புத்தகம் நாவல் எழுதுகிறவருக்கு ஏன் முக்கியம் என்பதற்கான பதில் அவர் வாசித்துத் தேய்ந்த பிரதியில், அதுவும் சில பக்கங்களில் மட்டும் கிடக்கிறது. பேட்டிக்கான ஏற்பாடு முழுவதும் அந்தப் பிரதியைச் சுற்றியே இருக்கட்டும்.

10 நாளைக்கு முன்பே பேசி, 5 புத்தகங்களுக்கு மேற்படாமல் தெரிவுசெய்து தரச் சொல்லுங்கள். 3 என்றால் இன்னும் நல்லது. 10 கேட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம்தான் மிஞ்சும். “வீட்டில் இருக்கிற பிரதியையே மேசையில் எடுத்து வையுங்கோ” என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எப்படி அழைப்பது என்பதும் இந்த முதல் அழைப்பிலேயே தீர்ந்துவிடும். ஆசிரியத் தொழிலில் இருந்தவர் என்றால் ‘டீச்சர்’ அல்லது ‘மிஸ்’, மற்றபடி ‘அக்கா’, முஸ்லிம் ஊர்களில் ‘ராத்தா’. ஊரில் எல்லாரும் டீச்சர் என்று அழைப்பவரைப் பதிவுக்காக ‘மேடம்’ ஆக்கினால் அவரும் மேடைக் குரலுக்கு மாறிவிடுவார்.

பட்டியல் கைக்கு வந்ததும் நீங்களும் வாசிக்க வேண்டும். இதைத் தவிர்க்க வழியே இல்லை. பொது நூலகத்தில் தேடுங்கள். இலங்கைத் தமிழ் நூல்கள் பல ‘நூலகம்’ இணையத்தளத்தில் மின்வருடிக் கிடைக்கின்றன. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். அவர் 112 என்பார், உங்கள் பிரதியில் அது 97 ஆக இருக்கும், பேச்சு நடுவில் தடைப்படும். பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் குறித்துவைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இன்னொன்றுக்கும் தயாராகப் போங்கள். ‘பிடித்த புத்தகம்’ என்று அவர் சொல்வது காதால் கேட்டதாகவும் இருக்கலாம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையைப் புத்தகமாகப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு வளர்ந்தவர்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் நிறைய. முஸ்லிம் வீடுகளில் மாலை என்ற புகழ்ப்பாட்டும் கிஸ்ஸா என்ற கதைப்பாட்டும் அப்படித்தான். “இது நூல் கணக்கில் வராதே” என்று ஒதுக்கிவிடாதீர்கள். யார் பாடக் கேட்டார், எந்தப் பகுதி மனதில் நின்றது, அந்த ஓசை அவருடைய உரைநடையில் எங்கே வருகிறது என்று கேளுங்கள். பேட்டியின் சிறந்த பகுதி பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும்.

கேள்விகள் அவரது கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுக்க வேண்டும். “இந்தப் பக்கத்தில் பென்சில் கோடு ஏன்?” “முதல் தடவை எங்கே நிறுத்தினீர்கள்?” “முதல் அத்தியாயத்திலேயே இத்தனை பேர் வருகிறார்கள், குழப்பம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்?” “பத்து வருசத்தை இவர் ஒரே பந்தியில் தாண்டுகிறார், நீங்கள் அப்படிச் செய்து பார்த்தீர்களா?” “இதை வாசித்த பிறகு உங்கள் கையெழுத்துப் பிரதியில் எதை வெட்டினீர்கள்?” கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. 10 வினாடி மௌனமானாலும் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பந்தியை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துகிறார், எதை அழுத்துகிறார் என்பது விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். பாதியில் வெறுத்து மூடிய புத்தகம் ஒன்றையும் கேளுங்கள். ரசனை அதில் பளிச்சென்று தெரியும்.

1978 சூறாவளி, யுத்தகால இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று இங்கே புத்தக அலுமாரியைப் பறிகொடுத்தவர்கள் பலர். “திரும்ப முதலில் தேடி எடுத்தது எது?” என்பது மிக நல்ல கேள்வி. ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பேசச் சம்மதமா என்று பதிவைத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதிவுக்குப் போன் போதும். அழைப்பு வராதபடி ஃப்ளைட் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து 30–40 சென்ரிமீற்றர் தூரத்தில், மடித்த துவாயின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கோப்பை வைக்கிற சத்தம்கூட இடியாக விழும். ஃபேனை நிறுத்துங்கள். கடற்கரை வீடென்றால் காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். மாரியில் தகரக் கூரையின் கீழ் பதிவு சரிவராது. பாங்கு, கோயில் ஒலிபெருக்கி நேரங்களைத் தவிர்த்து மணி குறியுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோ ‘வேவ்’ கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபைட் பிடிக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 320 என்று வைத்து இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது போனிலும் பதிந்துகொள்வது நல்லது.

பிரதிகளைப் படம்பிடிக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம், யன்னல் வெளிச்சம் போதும். அட்டை, பதிப்பு விவரப் பக்கம், பிறகு ஓரக் குறிப்புகள். பழைய ஒட்டுக்கட்டுப் புத்தகத்தைத் தட்டையாக விரிக்காதீர்கள், முதுகு வெடித்துத் தாள் கழன்றுவிடும். பாதி திறந்து, மறுபக்கத்துக்கு இன்னொரு புத்தகத்தை முட்டுக்கொடுங்கள்.

எழுத்தாக்கம்தான் நேரத்தைத் தின்னும். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத நாலைந்து மணித்தியாலம் ஒதுக்குங்கள். அவர் “மறுகா” என்றால் அப்படியே விடுங்கள், “பிறகு” ஆக்கவேண்டாம். ஆண்டு, பாத்திரப் பெயர், கதைப் போக்கு எல்லாவற்றையும் நூலோடு ஒப்பிடுங்கள். நினைவு பிசகியிருந்தால் சத்தமில்லாமல் திருத்தாமல் அவரிடமே கேளுங்கள். இலங்கைச் சட்டத்தில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உண்டு, ஆகவே மேற்கோள் சில வரிகளோடு நிற்கட்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எங்கே வாசிக்கலாம் என்ற விவரம் சேருங்கள்.

வெளியிடும் முன் எழுதிய பேட்டியை அவருக்கு அனுப்பி ஒரு வாரம் கொடுங்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை எடுக்கச் சொன்னால், அது எவ்வளவு சுவையான வரியானாலும் எடுத்துவிடுங்கள்.