சிறிய திரையரங்கில் அயல்மொழிப் படம்: முதல் காட்சியைத் திட்டமிடுவது எப்படி?

எங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே பழைய திரையரங்கில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியை வாடகைக்கு எடுத்து, பிரெஞ்சு, ஜப்பானிய, ஈரானிய, கொரியப் படங்களைச் சில ஆண்டுகளாகத் திரையிட்டு வருகிறோம். இதுபோல் தங்கள் ஊரிலும் தொடங்க விரும்பும் நண்பர்கள் முதலில் கேட்பது, எந்தப் படம் போடலாம் என்பதைத்தான். படத்தேர்வு முக்கியம்தான் என்றாலும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலைச் சிரமமில்லாமல் படித்து முடிக்கிறாரா என்பதில்தான் அயல்மொழித் திரையிடலின் உயிர் இருக்கிறது. அந்த ஒரு வரி தவறினால், எவ்வளவு பெரிய இயக்குநரின் படமானாலும் அரங்கம் இடைவேளைக்கு முன்பே காலியாகிவிடும். ஆகவே கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு வேலையையும் அந்தக் கடைசி வரிசைப் பார்வையாளரை மனத்தில் வைத்தே செய்யுங்கள். முதல் காட்சிக்குக் குறைந்தது பத்து வாரம் முன்னதாகத் தொடங்குவது நல்லது.

படி 1: அரங்கமும் நாளும்

தமிழ்நாட்டில் திரையரங்குகள் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று இயங்குகின்றன. திரையரங்கக்காரர்கள் இதைச் சி படிவ உரிமம் என்பார்கள். அந்த உரிமம் நடப்பில் இருக்கும் அரங்கைத் தேர்ந்தெடுத்தால், தீத்தடுப்பு, வெளியேறும் வழி, இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றுக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை. ஒரு நாளில் இத்தனை காட்சிகள்தான் என்ற வரம்பு அரங்கத்துக்கு உண்டு. கூடுதல் காட்சி போடுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், வழக்கமான காலைக் காட்சியையே கேட்டு வாங்குங்கள்.

வாடகை பேசும்போது ஆபரேட்டர் சம்பளம், துப்புரவுப் பணியாளர் கூலி, ஏசி, மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கான டீசல் ஆகியவை அந்தத் தொகையில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரத்தில் உங்கள் காட்சி பறிபோகாமல் இருக்கவும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தேதியை முடிவு செய்வதற்கு முன் நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்த ஞாயிறன்று காலை பத்து மணிக்கு ஊரில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில்தான் இருப்பார்கள்.

படி 2: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்தில் ஒரே ஒரு படத்தை மட்டும் திட்டமிடாமல், மூன்று மாதத்துக்கு மூன்று படங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் காட்சிக்கு வருபவர் கையில் அடுத்த இரண்டு படங்களின் தேதியும் இருந்தால்தான் மீண்டும் வருவார். முதல் படம் 100 நிமிடத்துக்குள் இருப்பதும், பேச்சு குறைவாக இருப்பதும் நல்லது. சப்டைட்டில் படித்துப் பழகாத கண்ணுக்கு, இரண்டு வரி வந்து நின்று மறைவதற்குள் நடிகரின் முகத்தையும் பார்ப்பது புதிய வேலை. இத்தாலியில் 1948இல் வெளிவந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 89 நிமிடம்தான் ஓடுகிறது. பிழைப்புக்கான சைக்கிளைப் பறிகொடுத்த தகப்பனும் மகனும் ஊரெல்லாம் தேடி அலைவதை, வசனம் பாதி புரியாவிட்டாலும் எவரும் பின்தொடர முடியும். விருதுப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, உங்கள் ஊர்க்காரர் எந்தக் கதைக்குள் எளிதாக நுழைவார் என்று யோசிப்பதே மேல்.

இடைவேளை பற்றியும் இப்போதே முடிவெடுத்துவிடுங்கள். பெரும்பாலான அயல்நாட்டுப் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்து எடுக்கப்படுவதில்லை. ஆனால் கேண்டீன் வருமானத்துக்காக அரங்க உரிமையாளர் இடைவேளை கேட்பார், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட படத்தை நாங்கள் எங்கும் நிறுத்துவதில்லை. அதற்குப் பதிலாகக் காட்சிக்கு அரை மணி நேரம் முன்பும், முடிந்த பிறகு கலந்துரையாடலின்போதும் கேண்டீன் திறந்திருக்க ஏற்பாடு செய்கிறோம். 207 நிமிடம் ஓடும் ‘செவன் சாமுராய்’ போன்ற படத்தில் இடைவேளை படத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் நிறுத்துவது படத்துக்குச் செய்யும் அநீதி.

படி 3: திரையிடும் உரிமையைப் பெறுதல்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கடையில் வாங்கிய டிவிடியோ, மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளமோ வீட்டில் பார்ப்பதற்கான உரிமையை மட்டுமே தருகின்றன. கட்டணம் வாங்காமல் இலவசமாகக் காட்டினாலும், பொது அரங்கில் காட்டுவது வேறு உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கான பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பழைய படம்தானே என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். அந்தப் படத்துக்கு அண்மையில் செய்யப்பட்ட சப்டைட்டில் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும். எனவே எந்தப் படமானாலும் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு எளிய வழி, திரைப்பட விழாக்களின் கையேடு. 2003இல் தொடங்கிய சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவோ கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவோ, எதன் கையேடு கிடைத்தாலும் பாதுகாத்து வையுங்கள். விழாக் கையேடுகளில் படத்தின் பெயருக்குக் கீழே உலக விற்பனை நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தருவது வழக்கம். அந்த நிறுவனத்துக்கு எழுதும்போது இந்தியாவுக்கான உரிமை தங்களிடமே இருக்கிறதா, இங்குள்ள விநியோகஸ்தரிடம் விற்றுவிட்டார்களா என்பதை முதல் வரியிலேயே கேளுங்கள். அதன்பின் இருக்கைகளின் எண்ணிக்கை, எத்தனை காட்சி, எந்தத் தேதி, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எந்த வடிவில் படம் வேண்டும், எந்த மொழிச் சப்டைட்டில் வேண்டும் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். இந்த விவரங்கள் இல்லாத கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. கட்டணம் ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக இருக்கலாம், அல்லது எம்ஜி எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் வசூலில் பங்கும் சேர்ந்ததாக இருக்கலாம். சிறிய அரங்குக்கு ஒரே தொகையாகக் கட்டும் முறைதான் ஏற்றது. செலவாகும் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பணம் குறைவாக இருப்பவர்கள் கலாசார மையங்களை அணுகலாம். ஜெர்மன் படங்களுக்கு கோதே நிறுவனம், பிரெஞ்சுப் படங்களுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், கொரியப் படங்களுக்கு இன்கோ சென்டர் ஆகிய மூன்றும் சென்னையிலேயே இருக்கின்றன. ஜப்பானியப் படங்களுக்கு டெல்லியிலுள்ள ஜப்பான் ஃபவுண்டேஷனுக்கு எழுதலாம். இவ்வழியில் கிடைக்கும் படங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதனால்தான் நாங்கள் டிக்கெட் விற்பதை விட்டுவிட்டு, திரைப்படச் சங்கமாகப் பதிவுசெய்து ஆண்டுச் சந்தா வாங்குகிறோம். சந்தா வாங்குவது அந்த நிபந்தனைக்கு உட்பட்டதுதானா என்பதையும் அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: தணிக்கைச் சான்றிதழ்

1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது. இந்தியாவில் முறையாக வெளியான அயல்நாட்டுப் படத்துக்குச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும், அதன் நகலை விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்குங்கள். இங்கே வெளியாகாத படமென்றால், அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு மத்திய அரசுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பித்து இந்த விலக்கைப் பெறுகின்றன. தனியாக முயல்வதைவிட, 1959இல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து தொடங்கிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்வது நல்லது. அதன் மண்டல அலுவலகமே நடைமுறையைச் சொல்லித்தரும். விலக்குப் பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்த உறுப்பினர்களை மட்டுமே நாங்கள் உள்ளே விடுகிறோம்.

படி 5: படக்கோப்பு

திரையரங்குக்கான படம் டிசிபி என்ற வடிவில், பெரும்பாலும் ஒரு வன்தட்டில் வருகிறது. ஒரு படம் 100 முதல் 200 ஜிபி வரை இருக்கலாம், அதை அரங்கின் சர்வரில் ஏற்றுவதற்கே சில மணி நேரம் ஆகும். எனவே வன்தட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேட்டர் கைக்குப் போய்விட வேண்டும். கோப்பின் நீண்ட பெயருக்கு நடுவில் இரண்டிரண்டு எழுத்தாக மொழிக்குறி இருக்கும். முதலாவது ஒலியின் மொழி, அடுத்தது சப்டைட்டிலின் மொழி. இரண்டாவது இடத்தில் ‘எக்ஸ்எக்ஸ்’ என்றிருந்தால் அந்தக் கோப்பில் சப்டைட்டில் கிடையாது.

எங்கள் மூன்றாவது திரையிடலில் இதை அறியாமல்தான் தவறினோம். வன்தட்டில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று மிகப் பெரியது, மற்றொன்று மிகச் சிறியது. பெரியதுதான் படம் என்று அதை மட்டும் ஏற்றினோம். ஞாயிறு காலை விளக்கு அணைந்தது, படம் ஓடியது, ஒரு பெண் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து ஏதோ சொன்னாள், திரையின் அடியில் ஒன்றும் வரவில்லை. பெரிய கோப்புறை ஓவி எனப்படும் மூலப்பிரதி. சப்டைட்டில் விஎஃப் எனப்படும் அந்தச் சிறிய கோப்புறையில்தான் இருந்தது. விஎஃப் கோப்பு மூலப்பிரதியோடு சேர்ந்துதான் ஓடும், ஆகவே இரண்டையும் ஏற்றி, விஎஃப் கோப்பைத்தான் காட்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

படம் பூட்டப்பட்டிருந்தால் கேடிஎம் எனப்படும் சாவிக்கோப்பு மின்னஞ்சலில் வரும். அது உங்கள் அரங்கின் சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். சர்வரின் வரிசை எண்ணை ஆபரேட்டரிடம் கேட்டு முதலிலேயே அனுப்பிவிடுங்கள். சாவி வெள்ளிக்கிழமை முதலே திறக்க வேண்டும் என்றும், குறிப்பிடும் நேரம் இந்திய நேரம் என்றும் எழுதுங்கள். ஐரோப்பிய நேரப்படி ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறக்கும் சாவி, நமக்குப் பிற்பகலில்தான் திறக்கும். டிசிபி கிடைக்காமல் புளூரே வட்டில் காட்ட வேண்டியிருந்தால், எந்தப் பகுதியின் கருவியில் அது ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியைப் பாருங்கள். ஐரோப்பிய வட்டுகள் பல ‘பி’ மண்டலத்தவை, இந்தியா ‘சி’ மண்டலத்தைச் சேர்ந்தது.

படி 6: ஒத்திகை

சனிக்கிழமை இரவுக் கடைசிக் காட்சி முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். மூன்று இடங்களை ஓட்டிப் பார்த்தால் போதும்: முதல் வசனம் வரும் இடம், பனியோ வெள்ளைச் சுவரோ திரையின் அடியில் வரும் இடம், கடைசிப் பத்து நிமிடம். ஒருவர் கேபினில் ஆபரேட்டரோடு இருக்க, மற்றவர் கடைசி வரிசையின் இரு மூலைகளிலும் அமர்ந்து சப்டைட்டிலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஸ்கோப் எனப்படும் அகலத்திரைப் படங்களுக்கே பழகிய அரங்கில் சதுரத்துக்கு நெருங்கிய பழைய படத்தைப் போடும்போது, படம் திரைக்கு வெளியே வழிந்து சப்டைட்டிலின் இரண்டாவது வரி திரைச்சீலையில் விழும். சரியான லென்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இருபுறமும் கறுப்பு நிற்கும், வரி முழுதாகத் தெரியும். முன் இருக்கையில் உயரமான ஒருவரை உட்காரவைத்தும் பாருங்கள். அரங்கின் தரைச்சரிவு குறைவாக இருந்தால், எந்த வரிசைகளில் தலை மறைக்கிறதோ அவற்றைக் காலியாக விடுவது நல்லது.

ஒலியையும் கவனியுங்கள். டால்பி கருவியில் 7 என்பதுதான் படம் கலவை செய்யப்பட்ட அளவு. நம் அரங்குகளில் சத்தம் மிகுந்த படங்களுக்காக 5க்கும் கீழே வைத்துப் பழகியிருப்பார்கள். அதே அளவில் ஓர் அமைதியான ஈரானியப் படத்தைப் போட்டால், மழைத்தூறலும் மூச்சுச் சத்தமும் மின்விசிறியில் கரைந்துபோகும்.

படி 7: தமிழில் ஒரு பக்கம்

எங்கள் காட்சிகளுக்கு ஓர் அம்மா பேத்தியோடு வருவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். முதல் சில மாதங்கள் பேத்தி ஒவ்வொரு வரியையும் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பாள், முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு அச்சிடத் தொடங்கினோம். கதை நடக்கும் ஊர், காலம், முக்கியப் பாத்திரங்களின் பெயரும் உறவும், முதல் இருபது நிமிடக் கதை ஆகியவை மட்டும் அதில் இருக்கும், முடிவு இருக்காது. பெயர்களை எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள், காதில் விழுவதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும். அந்த அம்மா இப்போது வாசலிலேயே நின்று குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

தமிழ்ச் சப்டைட்டில் போட முடிந்தால் அதைவிடச் சிறப்பு. அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். எழுத்துருவாகக் கொடுத்தால் சில சர்வர்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும் என்பதால், ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றிக் கொடுக்கும்படி சப்டைட்டில் செய்பவரிடம் சொல்லுங்கள்.

படி 8: காட்சி நாளும் அதன் பிறகும்

குறித்த நேரத்துக்குப் படத்தைத் தொடங்குங்கள். அறிமுகவுரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒருவர் கடைசி வரிசையிலும் ஒருவர் கேபின் வாசலிலும் நிற்க வேண்டும். படம் முடிந்ததும் எழுத்துகள் ஓடும் வரை விளக்கைப் போடாதிருக்க ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கலந்துரையாடலில் முதலில் பேசப் பார்வையாளர்களை அழையுங்கள், அமைப்பாளர் கடைசியாகப் பேசினால் போதும்.

திங்கட்கிழமை வன்தட்டைத் திருப்பி அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற உண்மையான கணக்கை உரிமை தந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு அடுத்த படம் குறைந்த தொகைக்குக் கிடைத்தது, அப்படி அனுப்பிய ஒரு கணக்குக்குப் பிறகுதான்.