லினக்ஸுக்கு எந்த இன்டர்நெட் சரிவரும்? மட்டக்களப்பு ஆக்களுக்கு

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்ட லேப்டொப்புக்கு எந்தக் கம்பனி நல்லம் எண்டு நிறையப் பேர் கேக்கிறாங்க. கம்பனிய விட அவங்க வீட்டுல கொண்டுவந்து வைக்கிற சாமான்தான் முக்கியம். அது ரவுட்டர் எண்டா எஸ்எல்டி பைபரோ டயலொக் 4ஜியோ ஸ்டார்லிங்கோ லினக்ஸுக்கு எல்லாம் ஒண்டுதான், ஏனெண்டா லைனோட கதைக்கிறது ரவுட்டர், உங்கட மெஷினுக்கு அது ஒரு ஐபி (நெட்வேர்க் விலாசம்) மட்டும்தான் குடுக்கும்.

முதல்ல உங்கட ஒழுங்கையில என்ன இருக்கு எண்டு பாருங்க. கல்லடி, டவுன் பக்கம் எண்டா பைபர் இழுக்கலாமா எண்டு கேளுங்க. படுவான்கரை, கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் எண்டா கவரேஜ் மெப்ப மட்டும் நம்பாதீங்க, பக்கத்து வீட்டுல எந்த சிம்முக்கு ராவைக்கும் ஸ்பீட் நிக்குது எண்டு கேட்டு, அந்த சிம்ம உங்கட அண்ட்ரொய்ட் போன்ல போட்டு யுஎஸ்பி வயரால டெதரிங் (போன்ட இன்டர்நெட்ட லேப்டொப்புக்குக் குடுக்கிறது) போட்டுப் பாருங்க, லினக்ஸ் டிரைவர் (சாமான இயக்கிற சொப்ட்வெயார்) ஒண்டும் கேக்காம எடுக்கும், காசு கட்ட முதலே விசயம் தெரிஞ்சிடும்.

மலிவு எண்டு சிம் போடுற யுஎஸ்பி டொங்கிள் எடுத்தாத்தான் வில்லங்கம். சிலது செருகினதும் மொடெமா வராது, விண்டோஸ் சொப்ட்வெயார் இருக்கிற சிடியா வரும். அத மாத்துறது யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் எண்ட பெக்கேஜ். டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) எல்எஸ்யுஎஸ்பி எண்டு அடிச்சு, செருகியிருக்கிற சாமான்கள்ட நம்பரப் பாருங்க, ஹுவாவே ஈ3372 டொங்கிள் எண்டா பெரும்பாலும் நம்பர் 12டி1:1எஃப்01 இல இருந்து 12டி1:14டிசிக்கு மாறோணும். மாறிட்டா பிரவுசர்ல 192.168.8.1 அடிக்க டொங்கிள்ட செட்டிங்ஸ் பேஜ் வரும்.

பொருத்த வாறவர் "விண்டோஸ் இல்லையா?" எண்டு கேட்டா பயப்படாதீங்க, ரவுட்டர் செட்டிங்ஸ் எல்லாம் பிரவுசருக்குள்ளதான். அவர் போக முதல் லேன் கேபிளால ஒருக்கா பாத்திடுங்க. கேபிள்ல வந்து வைஃபையில வராட்டி, போன்ல வைஃபை எடுக்குதா பாருங்க. எடுத்தா பிழை லைன்ல இல்ல, லேப்டொப்ட வைஃபை சிப்ல. புரோட்கொம் சிப்ல இது அடிக்கடி வாற பிரச்சின, அந்தக் கேபிளாலயே நெட் எடுத்து, லினக்ஸ் மின்ட் எண்டா டிரைவர் மெனேஜருக்குள்ள போய் அதுக்குரிய டிரைவரப் போடலாம்.

பெக்கேஜ்ல நைட் டேட்டா இருக்கா பாருங்க, லினக்ஸ் மின்ட் போடுறதுக்கு இறக்கிற ஐஎஸ்ஓ பைல் ஒண்டே 2 ஜிபிக்கு மேல.

வெளியால இருந்து வீட்டு மெஷினுக்கு எஸ்எஸ்எச் (தூர இருந்து டெர்மினலால உள்ள போறது) போடுற யோசனை இருந்தா பப்ளிக் ஐபி (வெளியால இருந்து நேர வரக்கூடிய விலாசம்) தருவீங்களா எண்டு கையெழுத்து வைக்க முதலே கேளுங்க. ரவுட்டர்ட வேன் ஐபி (கம்பனி ரவுட்டருக்குக் குடுக்கிற விலாசம்) 100.64க்கும் 100.127க்கும் இடையில தொடங்கினா அது சிஜிநாட், அதாவது கன பேருக்கு ஒரே பப்ளிக் ஐபியப் பங்கு போட்டுக் குடுக்கிறது, அதுல போர்ட் போர்வர்டிங் (வெளியால இருந்து வாறத உங்கட மெஷினுக்குத் திருப்பி விடுறது) வேலை செய்யாது. ஸ்டார்லிங்க் வீட்டுப் பெக்கேஜும் சாதாரணமா அப்பிடித்தான் வரும்.