கனிம மணல் ஸ்பைரல்: தகட்டைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் இடங்களில் கருமணல் தனியாகப் படிந்து கிடக்கும். எடை மிகுந்த மணிகளை விட்டுவிட்டு, லேசான வெண்மணலை அலை அள்ளிச் சென்றதால் மிஞ்சிய இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம் அது. கார்னெட், சிர்கான், ரூட்டைல், சிலிமனைட், மோனசைட் ஆகியவையும் அதில் கலந்திருக்கும். கனிம மணல் ஆலைகளில் இதே வேலையைத்தான் ஸ்பைரல் செய்கிறது. செங்குத்துக் கம்பத்தைச் சுற்றித் திருகாக இறங்கும் ஒரு பள்ளம், அதில் ஓடும் மணலும் நீரும், அவ்வளவே. 1943-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குரோமைட் மணலைப் பிரிக்க ஹம்ப்ரீஸ் என்பவர் வடிவமைத்த ஸ்பைரல் பயன்படுத்தப்பட்டது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

பள்ளத்தில் மோட்டார் இல்லை, சுழலும் பாகம் இல்லை. அசைக்கக்கூடியது என்று ஏதாவது உண்டென்றால், அது கீழ்முனையில் ஓட்டத்தை, உள்விளிம்பில் வரும் கனமான செறிவாகவும் வெளிவிளிம்பில் வரும் லேசான கழிவாகவும் வகுக்கும் பிரிப்புத் தகடு மட்டும்தான். அதனால் தரம் குறைந்தவுடன் எல்லோரும் முதலில் அதைத்தான் திருப்புகிறார்கள். நான் அறிந்தவரை ஸ்பைரல் பிரிவில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுவே. பள்ளத்தில் வந்து விழும் கலவை சரியில்லாதபோது தகட்டை எங்கே வைத்தாலும் பயன் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது கலவையின் அடர்த்தி. எடைக் கணக்கில் திடப்பொருள் 25 முதல் 40 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவான வரம்பு. இதை அறிய ஆய்வகம் வரை போக வேண்டாம்; ஒரு லிட்டர் கலனும் தராசும் போதும். மணலின் ஒப்படர்த்தி (அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.8 என்று கொண்டால், 30 சதவீதத் திடப்பொருள் உள்ள ஒரு லிட்டர் கலவை சுமார் 1.24 கிலோ இருக்கும். 1.35-ஐத் தொட்டால் 40 சதவீதத்தை எட்டிவிட்டது என்று பொருள். கலவை கெட்டியானால் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி, எடை மிகுந்தவை அடிக்கு இறங்க வழி கிடைக்காது. மிகவும் நீர்த்துப் போனால் பொடியான கனிமம் நீரோடு சேர்ந்து வெளிவிளிம்புக்குப் போய்க் கழிவில் கலந்துவிடும்.

அடர்த்தி சரியாக இருந்தாலும், ஒரே தொட்டியிலிருந்து பிரியும் பல ஸ்பைரல்களுக்குச் சமமாகப் பங்கு கிடைக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். பகிர்வுத் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், ஒரு குழாயில் வேரோ சிப்பியோ அடைத்திருந்தாலும், சில பள்ளங்கள் நிரம்பி வழியும், சில வறண்டு கிடக்கும். மொத்த ஓட்டத்தை மட்டும் அளப்பவருக்கு இது தெரியாது. கடற்கரை மணலில் வேரும் சிப்பியும் எப்போதும் இருக்கும் என்பதால், முன்னால் ஒரு சல்லடை இல்லாமல் ஸ்பைரலை ஓட்டக் கூடாது. களியையும் முன்கூட்டியே ஹைட்ரோசைக்ளோனில் (கலவையைச் சுழற்றிப் பொடியைப் பிரிக்கும் கூம்புக் கலன்) கழுவி நீக்க வேண்டும். களி கலந்த நீர் கொழகொழப்பாகிவிட்டால் பொடிமணிகள் அமிழ்வதே இல்லை.

அடுத்தது மணியின் அளவு. ஸ்பைரல் எடையை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை, பருமனையும் சேர்த்தே பார்க்கிறது. 0.1 மி.மீ. இல்மனைட் மணியும், அதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெரிய குவார்ட்ஸ் (வெண்மணல்) மணியும் நீரில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் அமிழும். பெரியதும் சிறியதும் கலந்த மணலை அப்படியே ஊற்றிவிட்டுத் துல்லியமான பிரிவை எதிர்பார்ப்பது வீண்.

கண்ணை நம்பித் தகட்டை வைப்பதும் பரவலான பழக்கம். உள்விளிம்பில் கருப்பாக ஓடும் பட்டை முடியும் இடத்தில் தகட்டை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கருப்பு பெரும்பாலும் இல்மனைட். சிர்கானும் சிலிமனைட்டும் வெளிர் நிறத்தவை. குவார்ட்ஸோடு கலந்து ஓடினால் கண்ணுக்குப் பிடிபடாது. சிலிமனைட்டின் ஒப்படர்த்தி 3.2 மட்டுமே, குவார்ட்ஸுக்கு 2.65. அதனால் அது கருப்புப் பட்டைக்கு வெளியேதான் அதிகம் ஓடும். கருப்பை மட்டும் பார்த்து வெட்டினால் விலையுள்ள கனிமத்தைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

செறிவின் தரத்தை மட்டும் பார்த்து மகிழ்வதும் இதே போன்ற இழப்புதான். ஒரு கணக்குக்காக, வரும் மணலில் கனக்கனிமம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செறிவில் 90, கழிவில் 2 சதவீதம் இருந்தால் மீட்பு, அதாவது வந்த கனிமத்தில் செறிவுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு, 92 சதவீதம். தகட்டை உள்ளே நெருக்கிச் செறிவை 96 ஆக்கி, கழிவில் 8 போனால், மீட்பு சுமார் 65 சதவீதமாகச் சரியும். அறிக்கையில் 96 அழகாகத் தெரியும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கனிமம் மணல்மேட்டுக்குப் போயிருக்கும். கழிவின் மாதிரியை எடுக்காத நாளில் அந்த ஆலை எப்படி ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுக்கும்போது ஓட்டத்தின் முழு அகலத்தையும் ஒரே சீராக வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் கையளவு அள்ளினால், அந்த ஓரத்தில் ஓடும் கனிமத்தைப் பற்றி மட்டுமே தெரியும்.

ஸ்பைரலால் ஆகாத வேலையை அதனிடம் கேட்பதையும் சொல்ல வேண்டும். இல்மனைட்டையும் சிர்கானையும் அது பிரித்துத் தராது. இரண்டின் ஒப்படர்த்தியும் 4.7-ஐ ஒட்டியது. கனமானவற்றை மொத்தமாகச் சேர்த்துத் தருவதோடு அதன் பொறுப்பு முடிகிறது. பிறகு உலர்த்தி, காந்தப் பிரிப்பானிலும் மின்னழுத்தப் பிரிப்பானிலும் தனித்தனியாக்க வேண்டும். கடல்நீரில் ஓட்டிய செறிவை நன்னீரில் அலசாமல் உலர்த்தினால், மணியின் மேல் படியும் உப்பு மின்னழுத்தப் பிரிப்பைக் கெடுத்துவிடும்.

கடைசியாக மோனசைட். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் அடையாளம் கண்ட இந்தக் கனிமத்தில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. ஒப்படர்த்தி 5-ஐ ஒட்டியதால், ஸ்பைரலில் இது தவறாமல் செறிவுப் பக்கமே வந்து சேரும். அதாவது கடற்கரை மணலைவிடச் செறிவுக் குவியலில் கதிரியக்கம் கூடுதலாக இருக்கும். அதைச் சாதாரண மணல் குவியலாக நினைத்துத் தொழிலாளர்களின் ஓய்விடத்துக்கு அருகே கொட்டிவைப்பதும், உலர்ந்த தூசியை முகக்கவசம் இல்லாமல் கூட்டிப் பெருக்க வைப்பதும் மன்னிக்க முடியாதவை. குவியலை எங்கே வைப்பது, யார் எவ்வளவு நேரம் அதன் அருகில் வேலை செய்வது, கதிர்வீச்சை யார் அளப்பது என்பதை ஆலை ஓடத் தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.