ஏஎஃப்எல் டிராஃப்ட்: கிளப்புங்க பண்ற தவறு, பாக்குற நாம பண்ற தவறு

ஏஎஃப்எல்ங்கிறது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலோட, அதாவது அங்க ஃபுட்டின்னு சொல்ற ஆட்டத்தோட, பெரிய லீக். வருஷா வருஷம் நவம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஏஎஃப்எல் டிராஃப்ட் நடக்கும், கிளப்புங்க வரிசையா புதுப் பசங்களத் தேர்ந்தெடுக்கிறதுதான் அது. 17, 18 வயசுப் பசங்க பேர ஒவ்வொண்ணா படிப்பாங்க, அந்தப் பையன் எந்த ஊர்ல இருக்கப் போறான், எந்தக் கோச்கிட்ட வளரப் போறான்னு அந்த ஒரு நிமிஷத்துல முடிவாகிடும், அவனுக்கு அதுல எந்தச் சாய்ஸும் கிடையாது. மறுநாள் காலைலயே எந்த கிளப் ஜெயிச்சுது, எந்த கிளப் கோட்ட விட்டுதுன்னு மார்க் போட ஆரம்பிச்சிடுவாங்க. அந்தப் பசங்க ஒரு சீனியர் மேட்ச் கூட ஆடியிருக்க மாட்டாங்க. முதல் தவறே இதுதான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும்னு நாம சொல்லியே வளந்தவங்க, ஆனா இந்த டிராஃப்ட் வரலாறப் பாத்தா பாதி பயிர் முளையில தெரியவே இல்ல. கிளப் எடுக்கிறது இன்னைக்கு நிக்கிற 18 வயசுப் பையன இல்ல, 24, 25 வயசுல நிக்கப் போற ஆள. இத மறக்கும்போதுதான் பெரிய தப்பெல்லாம் நடக்குது, கிளப்புக்கும் சரி, ரசிகருக்கும் சரி.

மொதல்ல இது எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். 1986ல இந்த நேஷனல் டிராஃப்ட் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி விக்டோரியாவுல ஏரியா பிரிச்சுக் கொடுத்திருந்தாங்க, அந்த ஏரியாவுல பொறந்து வளந்தவன் அந்த கிளப்புக்குத்தான். நல்ல ஏரியா கெடச்ச கிளப் கொழுத்துச்சு, மத்தவங்க காஞ்சாங்க. டிராஃப்ட்ல அத மாத்தி, லேடர்ல, அதாவது புள்ளிப் பட்டியல்ல, கடைசியா வந்த டீமுக்கு முதல் பிக் (ஆள் எடுக்கிற வாய்ப்பு), கோப்பை ஜெயிச்ச டீமுக்கு ரவுண்டோட கடைசி பிக்னு வச்சாங்க.

கேக்க ஈஸியா இருக்கு, ஆனா இங்கயே பலரும் குழம்புறாங்க. பிக் நம்பர் ஒரு தடவ எழுதினா அப்படியே நிக்கும்னு நெனைக்கிறது தப்பு. பிக்க வேற கிளப்போட டிரேட் பண்ணி மாத்திக்கலாம், 2015ல இருந்து அடுத்த வருஷத்துப் பிக்கக் கூட கொடுக்கலாம், 2018ல இருந்து டிராஃப்ட் நடந்துக்கிட்டு இருக்கும்போதே டிரேட் பண்ணலாம். இது போக ஃபாதர்-சன் ரூல் இருக்கு, அப்பா ஒரு கிளப்புக்கு 100 மேட்ச் ஆடியிருந்தா அந்தப் பையன எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை. வேற கிளப் அவன் பேரச் சொல்லி பிட் பண்ணா (நாங்க எடுக்கிறோம்னு கேட்டா), அப்பா கிளப் அதுக்கு ஈடா புள்ளிக் கணக்குல பிக்குகளக் கொடுத்து எடுத்துக்கலாம். பிக் 1க்கு 3000 புள்ளி, அங்கிருந்து கீழ எறங்கும். முதல் ரவுண்டு பிட்டுக்கு முன்னாடி 20 சதவீதம் தள்ளுபடி இருந்துச்சு, 2025ல 10 ஆக்கிட்டாங்க.

2021ல நிக் டேய்கோஸ் விஷயத்துல இதத் தெளிவா பாக்கலாம். அவரோட அப்பா பீட்டர் டேய்கோஸ் காலிங்வுட்டுக்கு 250 மேட்ச் ஆடினவர். கோல்ட் கோஸ்ட் பிட் பண்ணுச்சு, காலிங்வுட் பின்னாடி இருந்த பிக்குகள அள்ளிப் போட்டு பிக் 4ல எடுத்துக்கிச்சு, ரெண்டே வருஷத்துல 2023ல கோப்பையும் ஜெயிச்சுது. அதே வருஷம் சாம் டார்சி ஃபாதர்-சன்ல பிக் 2ல புல்டாக்ஸுக்குப் போனதால, ரெண்டாவதா நின்ன ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) மூணாவதாதான் ஆள் எடுக்க முடிஞ்சுது. அதனால நம்பர மட்டும் வச்சுக்கிட்டு இந்த கிளப் இவன விட்டுட்டு அவன எடுத்துதுன்னு சண்ட போடுறதுக்கு முன்னாடி, அந்த கிளப்பால உண்மையிலேயே அவன எடுக்க முடிஞ்சுதான்னு ஒரு தடவ பாருங்க.

சரி, கிளப் பண்ற தவறுக்கு வருவோம். இதுலதான் நெறைய பேச வேண்டியிருக்கு.

உடம்பப் பாத்து மயங்குறது. ஒரே வயசுப் பிரிவுல ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் சேந்து ஆடுறாங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். 14, 15 வயசுல அந்த ஒரு வருஷம் தோள்லயும் தொடையிலயும் தெரியும். பெருசா இருக்கிறவனுக்கு, தேர்ந்தெடுத்த பசங்க ஆடுற ரெப் டீம்ல இடம் கெடைக்கும், நல்ல கோச்சிங் கெடைக்கும், சின்னவன் ஓரமா நிப்பான், 18 வயசுல வந்து பாத்தா பெரியவன்தான் திறமைசாலி மாதிரித் தெரிவான். கிளப்புக்காக ஆள் தேடுற அனுபவமுள்ள ரிக்ரூட்டர் பொறந்த தேதியையும் பாப்பார், அவன் இன்னும் எவ்வளவு வளர்றதுக்கு இடம் இருக்குன்னும் பாப்பார். ஜூனியர் மேட்ச்ல ஆளத் தள்ளிட்டுப் போய் பந்தெடுக்கிற பையன், நாளைக்கு தன்ன மாதிரியே 90 கிலோ இருக்கிற ஆளுங்க நடுவுல என்ன பண்ணுவான்னு கேட்டுப் பாக்கணும்.

இதோட கூடப்பொறந்தது ஓட்ட நேரத்துல மயங்குறது. டிராஃப்ட் கம்பைன்னு ஒண்ணு நடக்கும், 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், எகிறிக் குதிக்கிறது எல்லாம் அளப்பாங்க. அதெல்லாம் வேணும்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஃபுட்டில பந்து எங்க விழும்னு முன்கூட்டியே தெரிஞ்சவன் ரெண்டு அடி முன்னாடியே அங்க நிப்பான், அத எந்த ஸ்டாப்வாட்ச்சும் காட்டாது. சாம் மிட்செல் வேகமா ஓடுறவர் இல்ல, பெரிய உடம்பும் இல்ல, 2001ல ஹாதார்ன் அவர எடுத்தது பிக் 36ல. நாலு கோப்பை, அதுல 2008ல கேப்டன், 2012 பிரவுன்லோ மெடல் (சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிறது), இப்ப அதே கிளப்புக்குக் கோச். மேட் பிரிடிஸ நேஷனல் டிராஃப்ட்ல யாரும் எடுக்கல, அதுக்கப்புறம் புது ஆளுங்களுக்குத் தனியா நடக்கிற ரூக்கி டிராஃப்ட் வழியாத்தான் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு வந்தார், 2014ல பிரவுன்லோ ஜெயிச்சார். நெரிசல்ல பந்த எடுக்கிறது, ரெண்டு கையாலயும் சட்டுனு பாஸ் பண்றது, இதெல்லாம் மேட்ச் வீடியோவத் திரும்பத் திரும்பப் பாத்தாத்தான் புரியும்.

அந்த 2001 டிராஃப்ட்டப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். முதல் பிக் ஃப்ரீமேன்டில்கிட்ட இருந்துச்சு. அவங்க 1, 20, 36னு மூணு பிக்க ஹாதார்னுக்குக் கொடுத்துட்டு டிரென்ட் குரோட், லூக் மெக்ஃபார்லின்னு ரெண்டு பேர வாங்கினாங்க. ஹாதார்ன் பிக் 1ல லூக் ஹாட்ஜ் எடுத்துது, 36ல மேல சொன்ன மிட்செல். ஹாட்ஜ் ரெண்டு நார்ம் ஸ்மித் மெடல் (கிராண்ட் ஃபைனல், அதாவது இறுதிப் போட்டியோட சிறந்த ஆட்டக்காரருக்கு), 2013, 14, 15னு தொடர்ச்சியா மூணு கோப்பைக்குக் கேப்டன். பிக் 3ல வெஸ்ட் கோஸ்ட்டுக்குப் போன கிறிஸ் ஜட் ரெண்டு பிரவுன்லோ. அதாவது ஃப்ரீமேன்டில் இருக்கிற அதே பெர்த் ஊர்ல, எதிர் டீம்ல போய் நின்னார். குரோட் ரெண்டே சீசன்ல ஹாதார்னுக்கே திரும்பிட்டார், 2008 கோப்பையும் அங்கயே ஜெயிச்சார். மெக்ஃபார்லின் மட்டும் ஃப்ரீமேன்டில்ல 200 மேட்ச்சுக்கு மேல உழைச்சார், அவர் விஷயத்துல அந்த டிரேட் வீண் போகல, இத யாரும் சொல்றதே இல்ல. ஆனா அடிப்படைத் தவறு இருக்கு, இப்பவே நல்லா ஆடணும்ங்கிற அவசரத்துல பத்து வருஷத்துச் சொத்தக் கொடுத்துட்டாங்க. அதே டிராஃப்ட்ல ஜீலாங் அமைதியா ஜிம்மி பார்டெல பிக் 8லயும், ஜேம்ஸ் கெல்லிய 17லயும், ஸ்டீவ் ஜான்சன 24லயும், கேரி ஏப்லெட் ஜூனியர ஃபாதர்-சன்ல 40லயும் எடுத்துது. 2007ல ஜீலாங்கோட 44 வருஷக் கோப்பை ஏக்கம் தீந்துச்சு, நாலு பேருமே அந்த டீம்ல இருந்தாங்க.

அடுத்தது, இருக்கிற ஓட்டைய அடைக்கிறதுக்கு ஆள் எடுக்கிறது. நம்மகிட்ட உயரமான ஃபார்வர்டு இல்ல, அதனால உயரமான ஃபார்வர்டு எடுப்போம்னு போறது. இன்னைக்கு இருக்கிற ஓட்டை அந்தப் பையன் தயாராகுற நாலாவது வருஷத்துலயும் அங்கயே இருக்கும்னு யார் சொன்னா? 2014ல செயின்ட் கில்டாவுக்கு நிக் ரீவால்ட் வயசாகிட்டு வந்தார், அந்த இடத்துக்குன்னு பேடி மெக்கார்டின பிக் 1ல எடுத்தாங்க, பிக் 2ல மெல்போர்ன் கிறிஸ்டியன் பெட்ராக்காவ எடுத்துது. மெக்கார்டினுக்குத் தலையில அடிபட்டு அடிபட்டே கெரியர் நொறுங்கிடுச்சு, அத யாராலயும் முன்கூட்டி சொல்லியிருக்க முடியாது, அதனால அத ரிக்ரூட்டர் தலையில போட மாட்டேன். பெட்ராக்காவும் முதல் வருஷம் முழுக்க முட்டிக் காயத்துல உக்காந்திருந்தார்னு ஞாபகம் வச்சுக்கணும். ஆனாலும் முதல் அஞ்சு பிக்குக்குள்ள இருக்கும்போது பொசிஷனப் பாக்காம திறமையப் பாக்குறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ரெண்டு பேரும் சமம்னு தோணினா மட்டும் தேவைய யோசிக்கலாம்.

காயம் பத்தி ஒண்ணு. 2006ல ஜோயல் செல்வுட் முட்டிக் காயத்தால நெறைய ஆடல, ஆறு பேர் அவருக்கு முன்னாடி போனாங்க, ஜீலாங் பிக் 7ல எடுத்துது. அடுத்த வருஷமே ரைசிங் ஸ்டார் (சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது), அதே வருஷம் கோப்பை. மொத்தம் 355 மேட்ச், நாலு கோப்பை. மெடிக்கல் ரிப்போர்ட்ட டாக்டர் படிச்சு சொல்றது ஒண்ணு, ரிக்ரூட்டர் பயந்து ஒதுக்குறது வேற.

இப்ப ரசிகர் பண்ற தவறுல எனக்கு ரொம்ப வலிக்கிறது ஒண்ணு இருக்கு, ரெண்டு பையன்கள வாழ்நாள் பூரா ஒப்பிட்டுக்கிட்டே இருக்கிறது. 2004ல ரிச்மண்ட் பிக் 4ல ரிச்சர்ட் டாம்ப்ளிங்க எடுத்துது, அடுத்து பிக் 5ல ஹாதார்ன் லான்ஸ் ஃபிராங்க்ளின எடுத்துது. ஃபிராங்க்ளின் 2008ல மட்டும் 113 கோல், 2022ல 1000 கோலத் தாண்டினார். டாம்ப்ளிங் பேரு வந்தாலே இந்தக் கதையத்தான் சொல்வாங்க. அவரு ஏஎஃப்எல்ல 100 மேட்ச்சுக்கு மேல ஆடினவர், அது எத்தனை பேருக்குக் கெடைக்குது? தன்ன நாலாவதா எடுங்கன்னு அவரா கேட்டார்? முடிவெடுத்தது கிளப், பேச்சு வாங்கினது அவரு. அந்த ஹாதார்ன் டிராஃப்ட்ட உண்மையிலேயே புரிஞ்சுக்கணும்னா ஃபிராங்க்ளின மட்டும் பாக்காதீங்க, பிக் 2ல ஜாரிட் ரஃபெட், 7ல ஜோர்டன் லூயிஸ், மூணு பேரும் நாலே வருஷத்துல ஒண்ணா கோப்பை தூக்கினாங்க.

பின்னாடி பிக்குல நட்சத்திரம் வந்தத வச்சு, முன்னாடி பிக்குக்கு மதிப்பே இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. டேன் ஸ்வான் 2001ல பிக் 58, 2011ல பிரவுன்லோ. லாக்கி நீல் 2011ல பிக் 58, 2020லயும் 2023லயும் பிரவுன்லோ. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பிக் 58ல வந்து ஒரு மேட்ச் கூட ஆடாமப் போனவங்க பேரு நமக்கு ஞாபகமே இருக்காது இல்லையா. சராசரியாப் பாத்தா முன்னாடி எடுத்தவங்கதான் அதிக மேட்ச் ஆடுறாங்க.

எடுத்த பிறகு வளக்கிறதுல பண்ற தப்ப, எடுத்ததே தப்புன்னு எழுதிடுறதும் நடக்குது. 2009ல மெல்போர்னுக்கு முதல் ரெண்டு பிக்கும் கெடச்சுது, டாம் ஸ்கல்லி, ஜாக் டிரென்கோவ். பிக் 3ல ரிச்மண்டுக்குப் போன டஸ்டின் மார்ட்டின் பின்னாடி மூணு நார்ம் ஸ்மித் மெடல் வாங்கினார், அதனால மெல்போர்ன எல்லாரும் திட்டுவாங்க. ஆனா நடந்தத வரிசையாப் பாருங்க: ஸ்கல்லி ரெண்டே சீசன்ல புதுசா வந்த ஜிடபிள்யூஎஸ்ஸுக்குப் போயிட்டார், டிரென்கோவ 20 வயசுல இணை கேப்டன் ஆக்கினாங்க, தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு டீமோட பாரத்த ஒரு சின்னப் பையன் தோள்ல ஏத்தினாங்க, அப்புறம் கால் காயம் வேற. இதுல ரிக்ரூட்டர் பங்கு எவ்வளவு, கிளப் பங்கு எவ்வளவு? அதே டிராஃப்ட்ல அதே கிளப் பிக் 34ல மேக்ஸ் கான எடுத்துது. 208 சென்டிமீட்டர் ரக்மேன் (மேல வர்ற பந்த எகிறித் தட்டிவிடுற உயரமான ஆள்), முட்டிக் காயம் எல்லாம் தாண்டி முதல் தடவ ஆல்-ஆஸ்திரேலியன் டீம்ல (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்ல) வந்தது 2016ல, ஏழு வருஷம் கழிச்சு. 2021ல 57 வருஷத்துக்கப்புறம் மெல்போர்ன் கோப்பை தூக்கினப்ப அவர்தான் கேப்டன். ரக்மேனுக்கும் உயரமான டிஃபெண்டர், ஃபார்வர்டுக்கும் அஞ்சாறு வருஷம் ஆகும், மூணாவது வருஷத்துலயே கைகழுவுறது எடுத்த உழைப்ப வேற கிளப்புக்குத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி.

ஊர விட்டு வர்ற பையனோட மனசக் கணக்குல எடுக்காததும் பெரிய தவறு. 18 வயசுல வீடு, அம்மா, நண்பர்கள் எல்லாத்தையும் விட்டுட்டு வேற மாநிலம் போறான். 2021ல பிக் 1 ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ், சவுத் ஆஸ்திரேலியாக்காரர், நார்த் மெல்போர்ன் எடுத்துது, ஒரே சீசன்ல சொந்த மாநிலத்துல இருக்கிற போர்ட் அடிலெய்டுக்குப் போயிட்டார். அதுக்காக வெளியூர்ப் பையனே வேண்டாம்னு ஒதுக்குறது கோழைத்தனம். இன்டர்வியூல கேக்குற கேள்விய விட, வந்த பிறகு யார் வீட்டுல தங்க வைக்கிறாங்க, வாரத்துக்கு எத்தன தடவ யாராவது உக்காந்து பேசுறாங்கங்கிறதுதான் முக்கியம்.

கடைசியா, பசங்களுக்கும் அவங்கப்பா அம்மாவுக்கும். நவம்பர்ல பேர் வரலன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. ரூக்கி டிராஃப்ட் இருக்கு, 2019ல இருந்து சீசன் நடுவுலயும் ஒரு டிராஃப்ட் இருக்கு, மாநில லீக்ல நல்லா ஆடினா ரிக்ரூட்டர் வந்து பாப்பார். டாம் ஸ்டூவர்ட்ட ஜீலாங் எடுக்கும்போது 23 வயசு, பிக் 40, அப்புறம் பல தடவ ஆல்-ஆஸ்திரேலியன். மார்லியன் பிக்கெட்ட ரிச்மண்ட் 2019 சீசன் நடுவுல எடுக்கும்போது 27 வயசு, அந்த வருஷம் கிராண்ட் ஃபைனல்தான் அவரோட முதல் ஏஎஃப்எல் மேட்ச், 1952க்கு அப்புறம் அப்படி அறிமுகமானவர் அவர்தான், ரிச்மண்ட் அன்னைக்குக் கோப்பையும் ஜெயிச்சுது.