ஆறாத கணுக்கால் ஜவ்வு: வைத்தியம் தேடும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் கால் மடங்குவதற்கு இடத்துக்கா பஞ்சம்? திண்ணையிலிருந்து இறங்கும் கல்படி, உயரமான நிலைப்படி, மழை பெய்தால் வழுக்கும் வளவு முற்றம். பாதம் உள்பக்கமாகப் புரள, உடம்பு எடை முழுவதும் வெளிக்கணுவில் இறங்கும். அந்தப் பக்கத்தைப் பிடித்திருப்பவை எலும்போடு எலும்பைக் கட்டும் மூன்று ஜவ்வுகள். முன்பக்கம் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் கிழியும்.

பலருக்கும் சில வாரங்களில் சரியாகிவிடும். சரியாகாதவர்களுக்குத்தான் இது. அடிபட்டு மூன்று மாதமாகியும் சாயங்காலமானால் வீக்கம், மேடுபள்ளத்தில் கால் வைக்கப் பயம், சமதரையிலேயே திடீரென்று கால் பிசகுவது என்று இருந்தால், வைத்தியம் எங்கோ வழி தவறியிருக்கிறது. என் கணிப்பில், அந்த வழி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஆறிவிட்டதா என்று பார்க்க எல்லோரும் வலியை மட்டும் கேட்கிறோம். கால் மடங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வலி குறைந்த கணுக்கால் இன்னும் தளர்ந்தே இருக்கலாம்.

“எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம் ஆச்சி, எண்ணெய் தேச்சு விடுங்க, போயிரும்” என்று சொல்லிவிட்டுப் பேரன் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. அது நார்மல் என்றால் பெரிய எலும்பு முறிவு கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். சில சின்ன முறிவுகளும், கணுவுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் பட்ட அடியும் முதல் படத்தில் தப்பிவிடுவது உண்டு. இன்னொரு பக்கம், எக்ஸ்ரேயே எடுக்காமல் மாதக்கணக்கில் பத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடிபட்டவுடன் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, கணு எலும்பின் பின்ஓரத்தையோ நுனியையோ அழுத்தினால் உயிர் போகிறது, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே கட்டாயம். கனடாவின் ஒட்டாவாவில் 1990களின் தொடக்கத்தில் வகுத்த இந்த விதியைத்தான் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இன்றும் பார்க்கிறார்கள்.

சுளுக்கு வழிப்பது, நீவி விடுவது பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. லேசாகத் தடவினால் இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தி, பாதத்தைத் திருகி, “டக்”கென்று சத்தம் வரவைப்பதுதான் வம்பு. புதிதாகக் கிழிந்த ஜவ்வை அது இன்னும் இழுக்கும். முறிவு இருந்தால் கேட்கவே வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு விரல்களை மரக்கவைத்தாலோ, நீலமாக்கினாலோ அன்றைக்கே அவிழ்க்க வேண்டும். நாள் பார்க்கக் கூடாது.

நேர் எதிர்த் தவறு, சில மாதங்கள் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு காலை அசைக்காமல் வைத்திருப்பது. முதல் சில நாள் ஓய்வும் ஐஸும் சரி. 1978ல் ஓய்வு, ஐஸ், அழுத்தம், காலை உயர்த்துதல் என்ற நாலு வார்த்தைச் சூத்திரத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, அதிக ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். காலை ஆட்டாமல் வைத்தால் கணுவைக் காக்கும் வெளிப்பக்கத் தசை மெலிந்து, மூட்டு விறைத்துப்போகும்.

அடுத்தது மதுரைக்கு ஓடி எம்.ஆர்.ஐ. எடுப்பது. ஸ்கேன் தேவைப்படும் இடம் உண்டு: மூட்டுக்குள் ஆழமாக வலி, கால் பூட்டிக்கொள்வது, மாதங்கள் ஆகியும் முன்னேற்றமில்லாதது. ஆனால் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடுவது தலைகீழ். படுத்திருக்கும் காலைத்தான் ஸ்கேன் பார்க்கிறது, எடை தாங்கும்போது தளர்கிறதா என்பது அதில் தெரியாது. பல்வேறு வயதினரில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர் காலிலும் பழைய கிழிசல் தெரிவது சாதாரணம். நல்ல எலும்பு டாக்டர் முதலில் கையால் பார்ப்பார். ஒரு கையால் கணுவுக்குச் சற்று மேலே காலைப் பிடித்து, மறுகையால் குதிகாலை முன்பக்கம் இழுப்பார். நல்ல காலிலும் அதையே செய்து ஒப்பிடுவார். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கவைப்பார். இதெல்லாம் செய்யாமல் ரிப்போர்ட்டை மட்டும் படித்து ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது பெரிய தவறு, பிசியோதெரபி. “போனேன், கரண்ட் வச்சாங்க, மெழுகு ஒத்தடம் கொடுத்தாங்க, நல்லா இருந்துச்சு, நிறுத்திட்டேன்” என்பது வழக்கமான கதை. மெஷின்கள் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். கால் மடங்காமல் காப்பது தசையும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும். ஜவ்வு கிழியும்போது அந்த உணர்வும் மங்குகிறது. அதை மீட்கப் பயிற்சி மட்டுமே வழி. பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும் தசைக்கு ரப்பர் பேண்ட், கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூப். படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. அப்புறம் ஒற்றைக்கால்: முதலில் பட்டாசாலைத் தூணைத் தொட்டபடி, பிறகு தொடாமல், அப்புறம் கண்ணை மூடி, கடைசியாகத் தலையணை மேல். ஆத்தங்குடி டைல் வழுக்கும், அதனால் சாக்ஸ் போடாமல் செய்யுங்கள். தினமும் செய்தாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் வலி போனதும் நிறுத்துகிறவர்தான் ஆறு மாதம் கழித்து அதே காலோடு திரும்ப வருகிறார். பிசியோதெரபிஸ்ட் உங்களை எழுப்பி நிற்கவைக்கவே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வலிக்கிற இடத்தில் ஸ்டீராய்டு ஊசியை அடுத்தடுத்துப் போட்டுக்கொள்வதும் இதே வகை. சில நிலைகளில் டாக்டர் மூட்டுக்குள் ஒரு தடவை போடுவதில் நியாயம் உண்டு. அடிக்கடி போட்டால் தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும் ஜவ்வும் பலவீனமாகும், வலி தெரியாததால் கால் இன்னும் அலட்சியமாக உபயோகப்படும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனம். பாதம் வீங்கி, தொட்டால் மறுகாலைவிடச் சூடாக, சிவந்து இருக்கிறது, ஆனால் வலி அவ்வளவு இல்லை என்றால் அதைச் சுளுக்கு என்று நினைத்து நடந்து திரியாதீர்கள். நரம்பு மரத்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கி உருமாறும் சார்க்கோ என்ற நிலையாக இருக்கலாம். உடனே எடை போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உணர்ச்சியில்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சுட்டது தெரியாது.

ஆபரேஷன் என்றால் சிலர் முதல் நாளே கேட்பார்கள், சிலர் பத்து வருஷம் பயந்தே இருப்பார்கள். ஒழுங்காக மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் அது பேச வேண்டிய வழிதான். ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ரம் 1966ல் விவரித்த, தளர்ந்த ஜவ்வை இழுத்துத் தைக்கும் முறையைத்தான் கொஞ்சம் மாற்றி இன்றும் பரவலாகச் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் சில வாரம் கணுவை அசையாமல் பிடிக்கும் பூட்ஸ், அப்புறம் மறுபடி அதே பயிற்சிகள். முன்னால் தட்டிக்கழித்தவரும் பின்னால் செய்தே ஆகவேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இது வருமா என்று முதலிலேயே விசாரிக்கலாம்.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க நினைப்பவர் ஐப்பசியிலேயே காலைக் காட்டினால் தைப்பூசத்துக்குள் நேரம் போதும். மார்கழியில் காட்டுகிறவர் அந்த வருஷம் பஸ்ஸில் போவதுதான் சரி.